ஐரோப்பா – ஆசியா வரலாற்றுத் தொடர்புகளை இருவழிப் பாதையாகக் கற்பிக்கக் கோரும் மனு

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம், சென்னை.

அனுப்புநர்:
கடலோர மாவட்டங்களின் அரசுப் பள்ளிச் சமூக அறிவியல் ஆசிரியர் சங்கத்தின் செயற்குழு.

பொருள்: வரலாற்றுப் பாடத்திட்டத்தில் ஐரோப்பா – ஆசியா தொடர்புகள் – தனி அலகு, களப்பயணம், வினாத்தாள் மாற்றம் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

எட்டாம் வகுப்பு வரலாறு ‘ஐரோப்பியர்களின் வருகை’ என்ற பாடத்துடன் தொடங்குகிறது. 1498இல் வாஸ்கோடகாமா கோழிக்கோடு வந்து சேர்கிறார்; அவரைத் தொடர்ந்து மற்ற நாட்டினரும் வருகின்றனர். முசிறியும் யவனர் வணிகமும் வேறொரு வகுப்பில் தனியே நிற்கின்றன. இரண்டையும் இணைத்துப் பார்க்க மாணவர்களுக்கு வாய்ப்பில்லாததால், அவர்கள் வந்தார்கள், நாம் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம் என்ற எண்ணமே பதிகிறது. அது உண்மையல்ல.

நம்மவர்களும் போயிருக்கிறார்கள். ரோமானியர் ஆட்சியில் எகிப்து இருந்த காலத்தில் செங்கடற்கரையில் இயங்கிய துறைமுகம் பெரெனிகே. அங்குள்ள கோயிலொன்றில், இந்தியாவில் வனைந்த சாடிக்குள் ஏழு கிலோவுக்கும் மேலான மிளகு கிடைத்தது. அதே கரையிலுள்ள குசேர் அல்காதிமில் கண்ணன், சாதன் என்ற பெயர்கள் தமிழ்ப் பிராமியில் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. முசிறியிலிருந்து ஹெர்மாபோலன் என்ற கப்பல் ஏற்றிவந்த சரக்கின் விவரமுள்ள 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் வியன்னாவில் இருக்கிறது. அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியெடுத்த இத்தாலிய மட்கலங்களோடு இவற்றையும் சேர்த்துக் காட்டினால்தான் போக்கும் வரவும் புரியும். ரோமானிய வணிகம் ஓய்ந்த பிறகும் இந்த வழி அடைபடவில்லை. அரபு வணிகர் கைமாறி மிளகு வெனிஸ் வரை போனது. காயல் துறையில் குதிரைகள் வந்திறங்கியதை மார்க்கோ போலோ எழுதிவைத்தார்.

டேனியரின் வணிகத்தளமாக இருந்த தரங்கம்பாடியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தஞ்சை ரகுநாத நாயக்கர் 1620இல் டென்மார்க் மன்னருக்குப் பொன் ஏட்டில் தமிழில் எழுதியனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் உள்ளது. 1706இல் அங்கே வந்திறங்கிய மதபோதகர் சீகன்பால்குவை அச்சுக்கூடத்தின் பெயரால் மாணவர்கள் அறிவார்கள். அவருக்குத் தமிழ் கற்பித்தவர்களை அவர்கள் அறியார். மலையப்பன் என்ற தமிழர் 1714இல் அவருடன் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் லத்தீன் மொழியில் அச்சான தமிழ் இலக்கணத்தில் மலையப்பனின் உழைப்பும் இருக்கிறது. கடலோரப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு இந்த ஒரு பெயர் தரும் தன்னம்பிக்கையை ஆண்டுகளின் பட்டியல் தராது.

கசப்பான பக்கத்தையும் மறைக்கக் கூடாது. பழவேற்காட்டு டச்சுக் கல்லறைகளைச் சுற்றுலாப் பயணிகள் பார்த்துச் செல்கிறார்கள். அதே துறையிலிருந்து 17ஆம் நூற்றாண்டில், பஞ்சத்தில் விற்கப்பட்ட நம் மக்கள் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். சோழமண்டலத் துணியைக் கொடுத்து மலுக்குத் தீவுகளில் கிராம்பு வாங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிதான் இதையும் செய்தது. வளரிளம் பருவத்தினர் தாங்கக்கூடிய செய்திதான் இது; வகுப்பில் நாங்கள் பொறுப்போடு கையாளுவோம்.

ஆகவே, ஒன்பதாம் வகுப்பில் முசிறி முதல் தரங்கம்பாடி வரையிலான தொடர்பை ஒரே அலகாக அமைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். அதில் அரசர் பெயர்களைவிட மிளகு, துணி, அச்சு ஆகியவை எப்படிக் கைமாறின என்பதே முதன்மை பெற வேண்டும். பொன் ஏட்டுக் கடிதம், பாப்பிரஸ், பானை ஓடுகள் ஆகியவற்றின் தெளிவான படங்களும் தமிழ் விளக்கமும் பாடநூலிலேயே அச்சாக வேண்டும். அரிக்கமேடு, தரங்கம்பாடி, பழவேற்காடு ஆகிய இடங்களுக்கு மாணவர்களை அழைத்துச் செல்லப் பேருந்துச் செலவையும் ஒரு வேளை உணவுச் செலவையும் அரசே ஏற்க வேண்டும். ஆசிரியர் பயிற்சியையும் அரங்கில் முடித்துவிடாமல், அந்த இடங்களிலேயே தொல்லியல் அறிஞர்களைக் கொண்டு நடத்த வேண்டும்.

எல்லாவற்றிலும் அவசரமானது வினாத்தாள். தேர்வில் கேட்கப்படாத எதுவும் வகுப்பறையில் நிலைப்பதில்லை. ‘எந்த ஆண்டு வந்தார்’ என்ற ஒரு மதிப்பெண் வினாவோடு நிறுத்தாமல், ஒரு பானை ஓட்டையோ கடிதத்தையோ படமாகக் கொடுத்து, அதிலிருந்து என்ன தெரிகிறது என்று மாணவரைச் சொந்த நடையில் எழுதச் சொல்லும் ஐந்து மதிப்பெண் வினா ஒன்றை வரும் கல்வியாண்டின் காலாண்டுத் தேர்விலிருந்தே சேர்க்க ஆணையிடுமாறு வேண்டுகிறோம். மாதிரி வினாக்களைத் தயாரித்துத் தரச் சங்க உறுப்பினர்களாகிய நாங்கள் ஊதியமின்றிப் பணியாற்ற ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் செயற்குழு உறுப்பினர்கள்