சின்னத் தொட்டியில் கடல்: கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள்

செமஸ்டர் முடிந்து லீவு விட்டாச்சு. என்ன எழுதலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஹாலில் இருக்கும் மீன் தொட்டி கண்ணில் பட்டது. சரி, இந்தத் தடவை அதுதான். என் வகுப்பிலேயே ரெண்டு பேர், "மச்சி, எங்க வீட்டுத் தொட்டியையும் உப்புத் தண்ணியா மாத்தப் போறேன், எப்படிடா பண்றது?" என்று கேட்டுவிட்டார்கள். அவர்களுக்கும், அதே ஆசையோடு இருக்கும் முகம் தெரியாத நண்பர்களுக்கும் சேர்த்து இது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஒரு சின்னத் தொட்டி ஏற்கெனவே இருக்கிறதே என்பதற்காக அதைக் கடல் நீர்த் தொட்டியாக மாற்றக் கூடாது. மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் "தொட்டிதான் இருக்கே" என்பது காரணமே இல்லை. இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், அதே காரணத்துக்காக இறங்கி ரெண்டு மீனைக் கொன்றவன் நான்.

எங்கள் தொட்டி ரெண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம். நான் ஸ்கூல் படிக்கும்போது அப்பா கொளத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போய் வாங்கிக் கொடுத்தது. கப்பி, மோலி, கோல்டு ஃபிஷ் என்று எல்லாம் அதில் இருந்திருக்கின்றன. 2003-ல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்தை என் தங்கச்சி டிவியில் எத்தனையாவது தடவையோ பார்த்துவிட்டு, "அண்ணா, நாமளும் நீமோ வாங்கலாம்ணா" என்றாள். தொட்டி இருக்கு, மோட்டார் இருக்கு, லைட் இருக்கு. உப்பும் மணலும்தானே பாக்கி? இருந்த மீன்களைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வேலையை ஆரம்பித்தேன். "அஞ்சு நாள் தண்ணியை ஓட விடுங்க தம்பி, போதும்" என்றார் ஒரு கடைக்காரர். நானும் மேற்கொண்டு எதையும் படிக்கவில்லை.

ஆறாவது நாள் ரெண்டு கோமாளி மீன் வந்தன. தங்கச்சி பெயர் வைத்துவிட்டாள். பதினோராவது நாள் ஒன்று போய்விட்டது. மறுநாள் இன்னொன்று. தண்ணீர் பளிங்கு மாதிரி தெளிவாக இருந்தது. அதனால் கடைசி வரைக்கும் எனக்கு என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை.

பிறகுதான் சோதனை கிட் வாங்கிப் பார்த்தேன். அம்மோனியா. மீனின் கழிவிலும் மிச்சத் தீனியிலும் இருந்து வருவது அது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். முதல் ரெண்டும் மீனுக்கு விஷம், மூன்றாவது ஓரளவு தாங்கக்கூடியது. புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியா கூட்டம் வளர்ந்து நிலைக்க வழக்கமாக 4 முதல் 6 வாரம் ஆகும்.

"என் ஃபில்டர் மூணு வருஷமா ஓடுதே, அதில் பாக்டீரியா இருக்குமே?" என்று நானும்தான் நினைத்தேன். அது நன்னீர் கூட்டம். உப்பு ஏறியதும் பெரும்பாலும் செத்துப்போகும். அதாவது பழைய தொட்டியாக இருந்தாலும் கணக்கு மறுபடி சைபரில் இருந்துதான் ஆரம்பம். போதாக்குறைக்குக் கடல் நீரின் பி.எச். 8.1 முதல் 8.4 வரை இருக்கும். பி.எச். ஏற ஏற, அதே அளவு அம்மோனியாவில் விஷப் பகுதி கூடும். நன்னீரில் தப்பித்துவிடுகிற ஒரு தப்பு, இங்கே தப்பிக்காது.

இப்போது நம்ம பாடத்துக்கு வருவோம். மார்ஜினல் காஸ்டிங் படித்தவர்களுக்கு 'மார்ஜின் ஆஃப் சேஃப்டி' ஞாபகம் இருக்கும். விற்பனை எவ்வளவு குறைந்தால் நஷ்டம் ஆரம்பிக்கும் என்பதற்கு முன்னால் இருக்கும் இடைவெளி. சின்னத் தொட்டியில் அந்த இடைவெளி மிக மிகக் குறைவு. 'சின்னது என்றால் சுலபம்' என்பதுதான் இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் மிகப் பெரிய பொய்.

எங்கள் தொட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். ரெண்டு கன அடி என்றால் சுமார் 56 லிட்டர். மணல், கல், மேலே விடும் இடைவெளி போக உள்ளே இருப்பது 45 லிட்டர் தண்ணீர். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. சென்னை மே மாதத்தில் ஃபேனுக்குக் கீழே ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அப்படியே இருக்கும். மூன்று நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் 45 லிட்டர் 42 ஆகியிருக்கும், 35 கிராம் 37.5 ஆகியிருக்கும். குறைந்த தண்ணீருக்குப் பதிலாக உப்புத் தண்ணீரையே ஊற்றினால் (நான் ஊற்றினேன்) இன்னும் ஏறும். ஊற்ற வேண்டியது நல்ல தண்ணீர். இதே மூன்று லிட்டர் 400 லிட்டர் தொட்டியில் குறைந்தால் ஒரு மீனும் கண்டுகொள்ளாது.

சூடும் அப்படித்தான். கடல் மீன்களுக்கு 25, 26 டிகிரி வசதி. நம்ம ஊர் வெயிலில் சின்னத் தொட்டி மதியத்துக்குள் 31, 32-ஐத் தொட்டுவிடும். தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். உப்புத் தண்ணீரில் அது ஏற்கெனவே நன்னீரைவிடக் குறைவு. சூட்டைக் குறைக்கத் தொட்டி மேல் சின்ன ஃபேன் வைத்தால் ஆவியாவது கூடும். இங்கே இழுத்தால் அங்கே கிழியும்.

அடுத்தது 'சங்க் காஸ்ட்'. தமிழில் 'மூழ்கிய செலவு' என்கிறார்கள். மீன் தொட்டிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது :-) ஏற்கெனவே செலவழித்துவிட்ட காசை வைத்துப் புது முடிவு எடுக்கக் கூடாது என்பது பாடம். அந்தப் பழைய செட்டில் உண்மையில் எது உதவும் என்று பாருங்கள். கலர் கல் குப்பைக்கு. இரும்பு ஆணி வைத்த லைட் மூடியில் உப்புப் படிந்து துரு ஏறும். மீனுக்கு நோய் வந்தபோது தாமிரம் கலந்த மருந்து ஊற்றியிருந்தால், அது கல்லிலும் கண்ணாடி ஒட்டும் சிலிக்கானிலும் தங்கியிருக்கலாம். கடல் இறாலுக்கும் நத்தைக்கும் தாமிரம் எமன். மிஞ்சுவது நாலு கண்ணாடி.

புதிதாக வேண்டியது என்ன? கடல் மீனுக்கென்றே விற்கும் உப்பு. சமையல் உப்பு ஆகாது, அதில் கால்சியமும் மக்னீசியமும் கடலில் இருக்கும் அளவில் கிடையாது. முதல் தடவைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல். வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினால் வருஷத்துக்கு இன்னும் எட்டு கிலோ. உப்பளவு பார்க்கும் கருவி, சோதனை கிட், ஆர்.ஓ. தண்ணீர். "மெரினா பக்கத்துலதானே இருக்கு, ஒரு குடம் மொண்டுட்டு வந்தா போச்சு" என்று எங்கள் பெரியப்பா சொன்னார். கூவமும் அடையாறும் வந்து சேரும் கரை அது. என் நோட்டுக் கணக்கின்படி மீனுக்குக் கொடுத்ததைப் போல நாலு மடங்கு மற்றதுக்கு ஆகியிருக்கிறது.

"சின்னதில் கற்றுக்கொண்டு பெரிசுக்குப் போகலாமே, தோற்றாலும் நஷ்டம் கம்மி" என்று ஒரு வாதம் உண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சின்னஞ்சிறு தொட்டிகளில் அழகாகப் பவளம் வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பல வருஷம் கை பழகியவர்கள். தோற்றால் நமக்குக் காசு போகும். மீனுக்கு உயிர் போகும். கற்றுக்கொள்வது நாம், கட்டணம் கட்டுவது அது. இதுதான் எனக்கு உறுத்துகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. கப்பி, மோலி எல்லாம் பண்ணையில் பிறந்தவை. கடல் மீன்களில் பெரும்பாலானவை கடலிலிருந்தே பிடிக்கப்பட்டவை. கோமாளி மீன் நல்ல விதிவிலக்கு, அதைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை மண்டபத்தில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமே உருவாக்கியிருக்கிறது. எனவே கடையில் கேளுங்கள், வளர்த்ததா, பிடித்ததா என்று. நான் கேட்கவில்லை. பவளம் பக்கமே போகாதீர்கள். மன்னார் வளைகுடாவில் இருக்கிற பவளங்கள் 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. எடுப்பதும் விற்பதும் குற்றம். அப்புறம் 'டோரி' கேட்டு அடம்பிடிக்கும் தங்கச்சிகளுக்கு: அது ஒரு அடி வளரும். எங்கள் தொட்டியின் அகலமே ஒரு அடிதான்.

இப்போது என்ன செய்கிறேன்? தொட்டியைக் கலைக்கவில்லை. மீன் இல்லாமல் ஓடுகிறது. மணல், பவளம் அல்லாத காய்ந்த கல், உப்புத் தண்ணீர், தினம் ஒரு சிட்டிகை தீனி. கண்ணாடியில் மார்க்கரால் கோடு போட்டு, குறைந்த தண்ணீரைத் தினம் காலையில் ஊற்றுகிறேன். இது ஐந்தாவது வாரம். அம்மோனியா சைபர், நைட்ரைட் இன்னும் இறங்கவில்லை. "வெறும் தண்ணிக்கு எதுக்குடா கரண்டு?" என்று அப்பா கேட்கிறார். பதில் சொல்வது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஆக, என் வகுப்பு நண்பர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். தொட்டி வாங்கப் புதிதாகக் காசு கொடுக்க வேண்டியிருந்தாலும் நீங்கள் இதில் இறங்குவீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆமாம் என்றால், முடிந்த வரை பெரிசாக வாங்குங்கள். சின்னதுதான் என்றால், ரெண்டு மாசம் வெறும் தண்ணீரை வளர்க்கத் தயாரா என்று பாருங்கள். இல்லை என்றால் மோலியே இருக்கட்டும். உப்பு ஆசை தீரவில்லையா? கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் மோலி முழுக் கடல் நீரிலும் வாழும். அதுவும் ஒரு வழி.

தங்கச்சி மறுபடி பேச ஆரம்பித்துவிட்டாள். ஆனால் அடுத்து வரும் மீனுக்கு ஒரு மாசம் கழித்துத்தான் பெயர் வைப்பாளாம்.