எழுத்தில் தாருங்கள், ஐயா

மேலதிகாரி ஒரு காரியத்தைச் செய்யச் சொல்லும்போது, மறுக்க வேண்டிய இடத்தில் மறுக்காமல், "பார்க்கிறேன் சார்" என்று தலையை ஆட்டிவிட்டு இருக்கைக்குத் திரும்பி, அந்தக் காகிதத்தை மற்றக் காகிதங்களுக்கு அடியில் செருகி, கேட்கும்போதெல்லாம் ஒரு சாக்குச் சொல்லி, கேட்டவரே சலித்து மறந்துபோகும் வரையில் கிடப்பில் போட்டுவைப்பதைச் சாமர்த்தியம் என்று கருதும் வழக்கம் நம் அலுவலகங்களில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. முகத்துக்கு நேரே மறுத்தால் மரியாதைக் குறைவாகுமோ என்ற தாட்சண்யமும், தண்ணியில்லாத காட்டுக்கு மாற்றிவிடுவாரோ என்ற பயமும் சேர்ந்து வளர்த்த பழக்கம் இது. வேலை நடந்துகொண்டிருப்பதாக நம்பியிருக்கும் மேலதிகாரி வேறு ஏற்பாடு செய்துகொள்ளவும் வழியில்லாமல் போகிறதே என்று பார்த்தால், இதை விநயம் என்று சொல்வதற்கு எனக்கு மனம் வரவில்லை.

வேலைப் பளுவைப் பற்றிய மறுப்பு அவ்வளவு கடினமன்று. முறைத்துக்கொள்ளாமலும் பொய்யாகச் சம்மதிக்காமலும், "வெள்ளிக்கிழமைக்குள் மாதக் கணக்கை முடிக்கச் சொன்னீர்கள், இதை முதலில் எடுக்கட்டுமா, அதை முடித்துவிட்டு எடுக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டால், எதைத் தள்ளிவைப்பது என்ற தீர்மானம் அவரிடமே போய்ச் சேருகிறது. முறையானதாயினும் புத்திசாலித்தனமில்லாத உத்தரவானால், நம் அபிப்பிராயத்தை ஒருமுறை தனிமையில் தெளிவாகச் சொல்லிவிட்டு, அவர் இசையாவிட்டால் முணுமுணுக்காமல் செய்துகொடுப்பதுதான் உத்தியோக தர்மம்.

விதிக்கோ மனச்சாட்சிக்கோ விரோதமான காரியத்தைச் செய்யச் சொல்லும்போதுதான் உண்மையான சங்கடம் பிறக்கிறது. அத்தகைய உத்தரவுகள் பெரும்பாலும் எழுத்தில் வருவதில்லை. உதாரணமாக, 1957ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், தோன்றி ஓராண்டுகூட நிறையாத ஆயுள் காப்பீட்டுக் கழகம், ஹரிதாஸ் முந்திரா என்ற தொழிலதிபரோடு சம்பந்தப்பட்ட ஆறு கம்பெனிகளின் பங்குகளை ஏறக்குறைய 1 கோடியே 24 லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. பொதுநலன் சார்ந்த கொள்கை விஷயங்களில் மத்திய அரசு எழுத்து மூலமாக இடும் கட்டளைகளைக் கழகம் அனுசரிக்க வேண்டும் என்று அதன் சட்டத்தின் 21ஆவது பிரிவு விதித்திருந்தும், எழுத்தில் கட்டளை எதுவும் இன்றி, கழகத்தின் முதலீட்டுக் குழுவையும் கலந்துகொள்ளாமல், மேலிடத்துச் சொல்லை நம்பியே அவ்வளவு பெரிய தொகை கைமாறிவிட்டது. பெரோஸ் காந்தி மக்களவையில் விஷயத்தைப் பிரஸ்தாபித்து, நீதிபதி சாக்ளா விசாரணைக்கு அமர்ந்தபோது, தாம் சம்மதிக்கவில்லை என்று நிதி அமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரியும், அமைச்சரின் சம்மதத்தோடுதான் நடந்தது என்று நிதிச் செயலாளர் எச். எம். படேலும் கூற, யார் சொன்னார் என்பதே பெரிய வழக்காயிற்று. 1958 பிப்ரவரியில் அமைச்சர் ராஜிநாமா செய்தார். கழகத்தின் அதிகாரிகளில் யாரேனும் ஒருவர், "ஐயா, இதை எழுத்தில் தாருங்கள்" என்று பிடிவாதமாக நின்றிருந்தால், ஒன்று அந்த வியாபாரமே நடந்திராது. நடந்திருந்தாலும், உத்தரவு யாருடையது என்று தேச முழுதும் விவாதிக்க நேர்ந்திராது.

இவ்வாறு கேட்பதற்கு இன்று சட்டத்தின் பக்கபலமும் இருக்கிறது. மேலதிகாரியின் உத்தரவு சாதாரணமாக எழுத்தில் இருக்க வேண்டும் என்றும், வாய்மொழியாகச் சொல்வது தவிர்க்க முடியாததானால் உடனே எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும் என்றும், 1968ஆம் ஆண்டின் அகில இந்தியப் பணிகள் நடத்தை விதிகளில் 3ஆவது விதி சொல்கிறது. முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி. எஸ். ஆர். சுப்பிரமணியனும் ஓய்வுபெற்ற அதிகாரிகள் வேறு பலரும் தொடுத்த வழக்கில், வாய்மொழி உத்தரவுகளை நம்பி அரசு ஊழியர் இயங்கலாகாது, அவற்றைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2013 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியது.

ஆனால் கேட்பதிலும் ஒரு பாங்கு வேண்டும். நாலு பேர் முன்னிலையில் சட்டப் பிரிவை எடுத்துக்காட்டுகிறவனிடம் எந்த மேலதிகாரிக்கும் பிரியம் உண்டாகாது. காரியத்தில் பாதி நடந்தபின் விழித்துக்கொண்டு மறுப்பதும் உதவாது. அறையைவிட்டு வந்த கையோடு, "இன்று காலை தாங்கள் பணித்தபடி, ஒப்பந்தப்புள்ளி கோராமல் இப்பொருளை வாங்க ஏற்பாடு செய்யலாமா என்பதை உறுதிப்படுத்த வேண்டுகிறேன்" என்று இரண்டு வரியில் பணிவாக ஒரு குறிப்போ மின்னஞ்சலோ அனுப்பிவிட்டால் போதும். "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்றோ, "அதற்கு இப்போது என்ன அவசரம்" என்றோ பதில் வந்து, பல உத்தரவுகள் அந்த இடத்திலேயே ஆவியாகிவிடும். இந்த ரகசியம் தெரிந்த மேலதிகாரிகள் இப்போதெல்லாம் வாட்ஸப்பில் செய்தி அனுப்பாமல் அழைத்தே பேசுகிறார்கள் என்பது வேறு விஷயம். அழைப்பு முடிந்ததும் அதே இரண்டு வரியை அதே வாட்ஸப்பில் அனுப்பலாம். எனினும், வெளிப்படையான குற்றத்தைச் செய்யச் சொன்னால் அங்கே எழுத்தும் கவசமாகாது. பொய்க் கையெழுத்தை யார் எழுத்தில் உத்தரவிட்டாலும், போடுகிற கை போடுகிறவனுடையதே.

இனி, எழுத்தில் கேட்கவே கூச்சமான சில்லறை ஏவல்கள் இருக்கின்றன. காவல் துறையில், காவலரை அதிகாரிகளின் வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளும் ஆர்டர்லி முறையைத் தமிழக அரசு 1979ஆம் ஆண்டிலேயே ஒழித்தது. ஒழித்த அந்த முறை உயர் அதிகாரிகளின் வீடுகளில் தொடர்வதைக் கண்டித்து 2022ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் பேச வேண்டியிருந்தது. வீட்டு வேலை செய்யச் சொன்ன அதிகாரியிடம் எழுத்தில் தாருங்கள் என்று கேட்கும் துணிவு ஒரு காவலருக்கு எங்கிருந்து வரும்? மாதச் சம்பளத்துக்கு உத்தரவாதமில்லாத ஒப்பந்த ஊழியரிடமும், தனியார் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத பெண்ணிடமும் தைரியத்தைப் போதிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. மேற்சொன்ன 3ஆவது விதி, உறுதி கேட்கும் கடமையைக் கீழுள்ளவருக்கு இடுவதோடு நில்லாமல், கேட்டால் எழுதிக்கொடுக்கும் கடமையை மேலுள்ளவருக்கும் இடுகிறது. ஆனால் பலரும் எடுத்துப் பேசுவது முதற் பகுதியைத்தான். இரண்டாம் பகுதி தனியார் நிறுவனங்களின் பணி விதிகளிலும் இடம்பெற வேண்டும்; புதிதாகப் பதவி உயர்வு பெற்றவர்களுக்கு நடத்தும் பயிற்சியில், உபசாரப் பேச்சுகளைச் சற்றுக் குறைத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்குவதால் எந்த நிர்வாகமும் நஷ்டப்பட்டுவிடாது.