காத்திருக்க முடிந்தவருக்கே விலை

சிறுதொழில் செய்கிறவர்களுக்கென நடத்தப்படும் எந்தப் பயிற்சி வகுப்புக்குப் போனாலும் மூன்று அறிவுரைகள் தவறாமல் கிடைக்கும். வரவு செலவை எழுதி வையுங்கள். வர வேண்டிய பணத்தைச் சீக்கிரம் வசூலியுங்கள். கொடுக்க வேண்டியதை முடிந்தவரை தள்ளிப்போடுங்கள். இதற்குப் பணப்புழக்க மேலாண்மை என்று பெயர். அறிவுரையில் தவறில்லை. ஆனால் ஒருவர் தள்ளிப்போடுகிறார் என்றால் இன்னொருவர் காத்திருக்கிறார் என்று பொருள். யார் தள்ளிப்போடுவது, யார் காத்திருப்பது என்பதைக் கணக்கு நோட்டு முடிவு செய்வதில்லை. நம் சமூகத்தில் அதைச் சாதியும் சொத்தும் உறவு வட்டமும்தான் முடிவு செய்கின்றன.

முனைவர் பட்ட ஆய்வுக்காகக் கொல்லிமலையின் 14 நாடுகளில் ஒன்றான தேவனூர் நாட்டுக்குச் சில ஆண்டுகளாகப் போய் வருகிறேன். அங்குள்ள மலையாளிப் பழங்குடிக் குடும்பம் ஒவ்வொன்றையும் ஒரு சிறுதொழிலாகவே பார்க்க வேண்டும். காபி கார்த்திகையில் தொடங்கித் தை வரை வரும். மிளகு தையிலும் மாசியிலும் வரும். பலா சித்திரைக்குப் பிறகு. செலவோ இந்த வரிசைக்குக் கட்டுப்படாது. பள்ளி திறக்கும்போது ஒரு செலவு, மழைக்காலத்தில் காய்ச்சலுக்கு ஒரு செலவு, களையெடுப்புக் கூலி ஒரு செலவு. ஆடி முதல் ஐப்பசி வரை போவதுதான் அதிகம், வருவது குறைவு.

முன்பு இந்த மாதங்களைச் சாமையும் தினையும் கேழ்வரகும் தாங்கின. வீட்டில் தானியம் இருந்தவரை சோற்றுக்குக் காசு தேவைப்படவில்லை. சேலம், நாமக்கல் சேகோ ஆலைகளுக்காக மரவள்ளி மலையேறிய பிறகு சிறுதானியப் பரப்பு சுருங்கியது. பணப்பயிர் வந்தது. கூடவே, ஆண்டு முழுக்கப் பணம் தேடும் கட்டாயமும் வந்தது.

அந்த இடைவெளியில்தான் வியாபாரியின் முன்பணம் நுழைகிறது. ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான். ஆவணியில் ஒரு குடும்பம் 20,000 ரூபாய் வாங்குகிறது. மாசியில் கிலோ 400 ரூபாய்க்கு மிளகு தருவதாகப் பேச்சு. அப்படியானால் 50 கிலோ தர வேண்டும். மாசியில் சந்தை விலை 500 என்றால், அந்த மிளகின் மதிப்பு 25,000. ஆறு மாதத்தில் 5,000 ரூபாய் போயிற்று. ஆண்டுக்கு 50 விழுக்காடு வட்டி! ஆனால் இதில் வட்டி என்ற சொல்லே வருவதில்லை. "அவசரத்துக்குக் கொடுத்து உதவினார்" என்றுதான் பேசப்படுகிறது. எடையையும் தரத்தையும் சொல்லும் உரிமையும் உதவியவரிடமே போய்விடுகிறது.

இதில் பெரிய கொடுமை ஒன்று உண்டு. பலாவும் அன்னாசியும் காத்திருக்காது, அழுகிவிடும். மிளகு அப்படியல்ல. நன்றாகக் காயவைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. பச்சை மிளகு காய்ந்தால் எடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகும், ஆனால் அதை எப்போது விற்பது என்பது நம் கையில் இருக்கும். பயிர் காத்திருக்கும். பயிரிட்டவரால்தான் காத்திருக்க முடியவில்லை.

இதைப் பழங்குடிகளின் சிக்கனமின்மை, எழுத்தறிவின்மை என்று பேசுகிறவர்கள் மலைக்குக் கீழே பார்க்கட்டும். சேலம் சேகோ ஆலை முதலாளிகளும் ஒரு காலத்தில் இதே பொறியில்தான் இருந்தார்கள். சரக்கை வைக்க இடமில்லை, கையில் பணமில்லை, வியாபாரி சொன்னதே விலை. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. சரக்கைச் சங்கக் கிடங்கில் வைத்து அதன் பேரில் முன்பணம் பெற்று, ஏலத்தில் விற்க வழி பிறந்தது. யாரும் அவர்களுக்குச் சிக்கனம் பற்றி வகுப்பெடுக்கவில்லை. கிடங்கும் கடனும் கொடுத்தார்கள். அந்த ஆலைகளுக்குக் கிழங்கு அனுப்பும் மலைக் குடும்பத்துக்கு மட்டும் நோட்டுப் புத்தகமும் அறிவுரையுமா?

திருப்பூரின் பின்னலாடை வளர்ச்சியை ஆராய்ந்த சரத் சாரி, கொங்கு வெள்ளாளக் கவுண்டர்களின் உறவு வலைப்பின்னல் அங்கே மூலதனத்தைத் திரட்ட எப்படி உதவியது என்று 2004இல் வெளியான தன் நூலில் விரிவாகக் காட்டுகிறார். நாடார்கள் ஒடுக்கப்பட்டிருந்த காலத்தில் மகமை என்ற பொது நிதியைத் திரட்டிப் பேட்டைகளும் பள்ளிகளும் கட்டினார்கள். 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கினார்கள். அதுவே இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. கையில் காசு புரள்வதற்குப் பின்னால் எப்போதும் ஒரு கூட்டு இருக்கிறது. அந்தக் கூட்டு சாதிக்குள் பூட்டப்பட்டிருப்பதுதான் சிக்கல். பரோடாவிலிருந்து திரும்பிய அம்பேத்கர் பம்பாயில் பங்கு வணிக ஆலோசனை நிறுவனம் தொடங்கியபோது, அவர் சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வராமல் போனார்கள். கொலம்பியாவில் படித்த பொருளாதார அறிஞருக்கே அந்தக் கதி. அதே அம்பேத்கர் 1918இல் இந்தியாவின் சிறு நிலவுடைமை பற்றி எழுதியபோது, நிலத்தின் அளவை மட்டும் வைத்துப் பேசுவதை மறுத்து, நிலத்துக்கு ஈடான மூலதனம் இல்லாததைச் சுட்டினார்.

சட்டமும் பாதி தூரம்தான் வருகிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006, குறு, சிறு நிறுவனத்திடம் பொருள் வாங்கியவர் அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. தவறினால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஆனால் பயிர் விளைவிப்பவர் இந்தச் சட்டத்தின் கண்ணில் 'நிறுவனம்' இல்லை. சாமையை அரிசியாக்கி, காபியை அரைத்துப் பொட்டலமிடும் மகளிர் குழு உத்யம் பதிவு பெற்றால் இந்தப் பாதுகாப்பு கிடைக்கும். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் கொல்லிமலையில் சிறுதானிய அரவை இயந்திரங்களை மகளிர் குழுக்களிடம் கொண்டுசேர்த்த அனுபவம் நம் முன்னால் இருக்கிறது. அந்தப் பாதையைப் பதிவு, ரசீது, கெடுத் தேதி என்று அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

அதனால் கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். ஒன்று, மலை மேலேயே உலர்களமும் கிடங்கும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் விளைபொருளை அடகு வைத்து மதிப்பில் 75 விழுக்காடு வரை கடன் பெறும் திட்டம் தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பெற 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி வரச் சொல்லக் கூடாது. இரண்டு, பழங்குடியினருக்காகவே உருவான லேம்ப் கூட்டுறவுச் சங்கங்கள் ஆடி, ஆவணியில் கடன் தர வேண்டும். தேவை முடிந்த பிறகு வரும் கடனால் வியாபாரிக்குத்தான் லாபம். மூன்று, அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் சாமையும் தினையும் மலைக் குழுக்களிடமே வாங்கி, 45 நாள் விதியைத் தாங்களே முதலில் மதிக்க வேண்டும்.

நகரத்தில் 'கொல்லிமலை மிளகு' என்று பெருமையோடு வாங்கும் நமக்கும் ஒரு வேலை உண்டு. குழுக்களிடம் நேரடியாக வாங்குவோம், ஆவணியிலேயே பணம் செலுத்துவோம், மாசியில் சந்தை விலைக்கே கணக்கை முடிப்போம். வட்டியில்லா முன்பணம் நம் வீட்டில் ஒரு மாதச் செலவை இறுக்கலாம். அங்கே ஒரு குடும்பம் தன் மிளகுக்குத் தானே விலை சொல்லும்.