பெரிய டயர் போட ஜீப்பை உயர்த்தலாமா?

ஓசூர் வாலிபர்கள் சிலருக்கு ஒரு மோகம். ஜீப்புக்குப் பெரிய டயர் வேண்டும். அது உரசாமல் இருக்க ஸ்பிரிங்கை உயர்த்த வேண்டும். 2 அங்குலமா, 4 அங்குலமா என்பதுதான் பேச்சு. பார்க்கக் கம்பீரம்தான்!

ஆனால், ஸ்பிரிங்கை உயர்த்தினால் வண்டியின் கூடுதான் உயரும். தளி, அஞ்செட்டி மலைப் பாதையில் கல்லில் இடிப்பது பின் அச்சு. அது ஒரு நூல்கூட உயராது! டயர்தான் அதை உயர்த்தும். அதுவும் டயரின் உயரம் 2 அங்குலம் கூடினால், அச்சு உயர்வது 1 அங்குலமே.

கூடு உயர உயர, வளைவில் வண்டி கவிழப் பார்க்கும். உள்ளே இருப்பது மனைவி, மக்கள்!

கம்பெனி செய்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறிவிட்டது.

கம்பெனி சொன்ன அளவிலேயே, ஆழமான பட்டன் உள்ள டயர் வாங்குங்கள். அந்தப் பாதைக்கு அது போதும். ஸ்பிரிங் செலவும் மிச்சம்.