சர்ட்டிபிகேட் யாருக்கு வேண்டும்?

மார்க்கையன்கோட்டையிலும் அதைச் சுற்றியுள்ள கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களிலும் தேர்தல் பேச்சு எழுந்தவுடன் ஒரு சங்கதி தவறாமல் நம் காதில் விழுகிறது. "கையெழுத்துப் போடத் தெரியாதவர்களெல்லாம் மன்றத்தில் வந்து உட்கார்ந்தால் ஊர் உருப்படுமா? படித்துச் சர்ட்டிபிகேட் வாங்கியவர்கள்தான் நிற்கலாம் என்று சட்டம் செய்தால் என்ன?" என்பதே அது. கேட்பதற்கு மெத்த நியாயம் போலவே இருக்கிறது. நிர்வாகத்திற்குப் பயிற்சி வேண்டாம் என்று நாமும் சொல்ல வரவில்லை. வேண்டும் என்றுதான் சொல்லுகின்றோம். ஆனால் பயிற்சி யாருக்கு, பரீட்சை யாருக்கு என்ற இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் சூழ்ச்சி இருக்கிறது என்கின்றோம்.

முதலில் பழைய கதையைக் கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம். 1895-ஆம் வருஷத்தில் பெரியாற்று அணை திறக்கப்பட்டது. மேற்குக் கடலுக்கு ஓடிய தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பள்ளத்தாக்கிற்கு வந்தது. அதே 1895-இல்தான் சென்னை மாகாணத்தில் பரம்பரைக் கிராம உத்தியோகச் சட்டமும் செய்யப்பட்டது. ஆற்றின் போக்கையே திருப்ப முடிந்த சர்க்கார், ஊர்க்கணக்கு மாத்திரம் தகப்பனிடமிருந்து மகனுக்கே ஓடவேண்டும் என்று எழுதி வைத்தது! மற்ற யோக்கியதைகள் எல்லாம் பிறகு. பிறப்பே முதல் யோக்கியதை. அடங்கலும் சிட்டாவும் ஒரு வீட்டுப் பெட்டிக்குள் கிடந்தன. தன் நிலம் தன் பேரில்தான் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, உழுதவன் அந்த வீட்டுத் திண்ணைக்குக் கீழே கைகட்டி நிற்க வேண்டியிருந்தது.

பிறப்பைக் காட்டிக் கிராம உத்தியோகம் கொடுப்பது அரசியல் சட்டத்திற்கு விரோதம் என்று சுப்ரீம் கோர்ட்டு 1960-இல் தீர்ப்புச் சொல்லிற்று. பிறகு 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். மந்திரிசபை, கர்ணம், மணியம் முதலிய பகுதிநேரக் கிராம அதிகாரிப் பதவிகளை அடியோடு எடுத்துவிட்டது. வழக்குப் போட்டார்கள், 1982-இல் சுப்ரீம் கோர்ட்டும் அந்தச் சட்டம் செல்லும் என்றது. இன்று கிராம நிர்வாக அலுவலராக வருகிறவர் தேர்வாணையப் பரீட்சையில் தேறி, நில அளவை முதலியவற்றைக் கற்றுக்கொண்டு வருகிறார். பத்தாவது தேறிய எந்தத் தெருப் பிள்ளையும் அந்தப் பரீட்சை எழுதலாம். இங்கே பரீட்சை என்ன செய்தது? பிறவி உரிமையின் முதுகெலும்பை முறித்தது. ஆகவே சம்பளம் வாங்கும் உத்தியோகஸ்தர்களுக்குப் பரீட்சையும் பயிற்சியும் எவ்வளவு கடுமையாக வைத்தாலும் நமக்குச் சம்மதமே.

ஆனால் அதே பரீட்சையை ஓட்டு வாங்கி வருகிறவர்களுக்கும் வைப்போம் என்றால் சங்கதி தலைகீழாகிவிடுகிறது. அரியானாவில் 2015-இல் இப்படி ஒரு சட்டம் செய்தார்கள். பஞ்சாயத்துத் தேர்தலுக்கு நிற்கப் பொது வகுப்பு ஆண் பத்தாவது தேறியிருக்க வேண்டும்; பெண்களும் ஆதித்திராவிட ஆண்களும் எட்டாவது; ஆதித்திராவிடப் பெண் வார்டு மெம்பராக நிற்பதானாலும் ஐந்தாவது. அவ்வருஷ டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் இதை ஒப்புக்கொண்டது. நல்லது கெட்டது பகுத்தறியும் சக்தியைப் படிப்புத்தான் கொடுக்கும் என்று காரணமும் காட்டிற்று. இராஜஸ்தானத்தில் 2014 கடைசியில் கொண்டு வந்த இதே மாதிரி ஏற்பாட்டை 2019-இல் எடுத்துவிட்டார்கள்.

தோழர்களே! எம்.ஏ., பி.எல். படித்துவிட்டு இராகுகாலம் பார்த்து வேட்புமனுக் கொடுக்கிறவர்களை நாம் பார்த்ததில்லையா? படிப்பு வேறு, பகுத்தறிவு வேறு என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா? பார்லிமெண்டுக்கும் சட்டசபைக்கும் நிற்கிறவர்களைப் பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட் கேட்காத தேசத்தில், தெருவிளக்கையும் சாக்கடையையும் கவனிக்கிற மெம்பரிடம் மாத்திரம் கேட்பானேன்? தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக்கூட வாசலை அடைத்து வைத்தவர்கள், இன்று "நீ ஏன் படிக்கவில்லை?" என்று கேட்டு மன்றத்தின் வாசலையும் அடைப்பார்களேயானால், அதற்குப் பேர் தகுதி அல்ல, பழைய கர்ணத்தின் திண்ணைதான்.

அப்படியானால் ஒன்றும் தெரியாமலே மெம்பராக இருக்கலாமா என்று கேட்கலாம். கூடாது என்றே சொல்லுவோம். 2016-ஆம் வருஷத்துச் சட்டத்தால் தமிழ்நாட்டு உள்ளாட்சி மன்றங்களில் பாதி ஸ்தானம் பெண்களுக்கு உரியதாயிற்று. ஆனால் பல ஊர்களில் என்ன பார்க்கிறோம்? நாற்காலி மனைவிக்கு, அதிகாரம் புருஷனுக்கு! வரவு செலவுத் திட்டத்தைப் படிக்கத் தெரியாத வரையில் இது ஒழியாது. ஆகவே ஜெயித்தவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது சர்க்காரின் கடமை; பெறுவது மெம்பரின் உரிமை.

நமது மலைக்கு அந்தப்புறம் பாருங்கள். கேரளத்தில் 1990-இல் உள்ளாட்சிக்கென்றே ஒரு பயிற்சி நிலையம் திருச்சூருக்குப் பக்கத்தில் ஏற்பட்டது. 1996-இல் ஊர்த் திட்டத்தை ஊராரே தீட்டும் இயக்கம் துவங்கியபோது, மெம்பர்களுக்கும் ஊராருக்கும் கூட்டங்கூட்டமாகப் பயிற்சி கொடுத்தார்கள். நமக்கும் மறைமலைநகரிலும் கோயம்புத்தூரிலும் நிலையங்கள் இருக்கின்றன. ஆனால் ஒருநாள் கூட்டிவைத்துக் காப்பி கொடுத்து, புஸ்தகம் ஒன்றைக் கையில் திணித்து அனுப்புவது பயிற்சியாகாது. ஊர்ப்பக்கத்திலேயே, தமிழிலேயே, எழுதப் படிக்கத் தெரியாதவரும் விளங்கிக்கொள்ளும்படி, சொத்துவரிக் கணக்கையும் டெண்டரையும் தீர்மானப் புஸ்தகத்தையும் கையில் கொடுத்துக் கற்பிக்க வேண்டும். பெண் மெம்பர் வரும் வகுப்பில் புருஷனுக்கு இடம் இருக்கக்கூடாது.

முடிவாக ஒன்று சொல்லுகின்றோம். நிலக்காரன் கணக்குப்பிள்ளையைப் பார்த்து, "உனக்குக் கணக்குத் தெரியுமா?" என்று கேட்பதுதான் முறை. கணக்குப்பிள்ளை நிலக்காரனைப் பார்த்து, "நீ பத்தாவது தேறினாயா?" என்று கேட்பது முறையல்ல. மார்க்கையன்கோட்டைத் தோழர்கள் அடுத்த முறை அந்தப் பேச்சு எழும்போது, இந்த ஒரு பதிலைச் சொல்லிப் பார்க்கட்டும்.