பெட்டியைக் கேட்காதீர்கள், மணிக்கூட்டைத் திருப்பிப் பாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

"பெட்டி இருக்கா? கார்ட் இருக்கா? இல்லாட்டி பாதி விலைதான்."

திருகோணமலையில் பழைய மணிக்கூடு விற்கப் போகிறவர் கேட்கும் முதல் வார்த்தை இப்போது இதுதான். மணிக்கூட்டைக் கையில் வாங்கித் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. சிலர் ஒரு படி மேலே போய், பெட்டி இல்லாத மணிக்கூடு களவுச் சாமான் என்றே தீர்ப்புச் சொல்கிறார்கள். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டிய பிறகு புதியது வாங்க வழியில்லாத பலர் பழையதைத் தேடத் தொடங்கினார்கள். அதோடு இந்தக் கதையும் பெருத்துவிட்டது.

இது அறியாமை மட்டுமல்ல, அநியாயமும்கூட. ஏன் என்று சொல்கிறேன்.

நம் பகுதியில் இருக்கும் பழைய சீக்கோ, சிட்டிசன் மணிக்கூடுகள் எப்படி வந்தன? பெரும்பாலானவை சவூதி, குவைத், கட்டார் போன நம் வாப்பாமாரும் மாமாமாரும் கொண்டு வந்தவை. திரும்பி வருகிறவருக்கு விமானத்தில் கிலோ கணக்கு. நிடோ மா, போர்வை, பிள்ளைகளுக்கு உடுப்பு, உம்மாவுக்கு அபாயா எல்லாம் அந்தக் கணக்குக்குள் அடங்க வேண்டும். மணிக்கூட்டைக் கையில் கட்டிக்கொண்டு பெட்டியை அறையிலேயே எறிந்துவிட்டு வந்தார்கள். ஆகவே நேர்மையாக வந்த மணிக்கூட்டுக்குத்தான் இங்கே பெட்டி இல்லை!

அப்படியே பெட்டியைக் கொண்டு வந்தவர்களிடமும் அது மிஞ்சியதா? 1990ஐ நினைத்துப் பாருங்கள். 2004 டிசம்பரில் கடல் வந்தது. 2006 ஓகஸ்டில் மூதூர்ச் சனம் உடுத்த உடுப்போடு கந்தளாய்க்கு நடந்தது. காணி உறுதி போனது, பிறப்புச் சான்றிதழ் போனது, கல்யாணப் போட்டோ போனது. நடமாடும் சேவைகளில் வரிசையில் நின்று தங்கள் பெயருக்கே பத்திரம் எடுத்த மக்கள் இவர்கள். அவர்களிடம் போய் மணிக்கூட்டுப் பெட்டி எங்கே என்று கேட்டு, இல்லை என்றதும் கள்ளனைப் பார்ப்பதுபோல் பார்க்க ஒரு மனிதனுக்கு எப்படி மனம் வருகிறது?

போன மாதம் என் மாணவன் ஒருவனின் உம்மா, மௌத்தான கணவரின் சீக்கோவை விற்க நகரத்துக் கடையொன்றுக்குப் போனார். பிள்ளையின் சாதாரண தரப் பரீட்சை வகுப்புக் காசுக்காக. துணைக்கு நானும் போனேன். கடையின் பெயர் வேண்டாம். பெட்டி இல்லையென்று அவர் கேட்டதில் பாதியும் கொடுக்க முன்வரவில்லை. அதே கடையின் கண்ணாடி அலுமாரியில், பளபளக்கும் பெட்டியோடு இன்னொரு சீக்கோ இரண்டு மடங்கு விலைக்கு இருந்தது. அதன் அட்டையில் பேனாவால் 1988 என்று எழுதியிருந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பின்மூடியில் 7எஸ்26 என்று இருந்தது. அந்த இயந்திரத்தை சீக்கோ வெளியிட்டதே 1996இல்தான்! பிறக்காத பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ்.

பெட்டியை நம்புகிறவர்களின் நிலைமை இதுதான். பெட்டி தனியாக விலைக்கு வரும். அட்டை அச்சடிக்கலாம், வெற்று அட்டையில் எதையும் எழுதலாம். களவெடுக்க வந்தவன் அலுமாரியில் இருக்கும் பெட்டியை மட்டும் விட்டுவிட்டா போவான்?

சரி, பெட்டி இல்லாமல் எப்படிப் பார்ப்பது? பழைய சீக்கோ என்றால் மணிக்கூடே பேசும். பின்மூடியில் ஆறு இலக்கத் தொடர் எண் இருக்கும். முதல் இலக்கம் தயாரித்த ஆண்டின் கடைசி இலக்கம். இரண்டாவது மாதம்: 1 முதல் 9 வரை செப்டம்பர் மட்டும், ஒக்டோபருக்கு 0, நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி. 48 என்று தொடங்கினால் நான்கில் முடியும் ஆண்டின் ஓகஸ்ட் மாதம். எந்தப் பத்தாண்டு என்பதை அதே மூடியில் இருக்கும் இயந்திர இலக்கம் சொல்லும். 7எஸ்26 என்றால் 1984 ஆகவோ 1994 ஆகவோ இருக்கவே முடியாது.

பிறகு முகப்பைப் பாருங்கள். 6 மணிக் குறிக்குக் கீழே, விளிம்பில், எறும்பு அளவு எழுத்தில் இயந்திர இலக்கம் இருக்கும். அது பின்மூடியில் உள்ள முதல் நான்கு எழுத்துகளோடு ஒத்துப்போக வேண்டும். மும்பாய்ப் பக்கம் பழைய சீக்கோ முகப்புகளுக்குப் புதுப்பூச்சு அடித்து உலகமெங்கும் விற்பது சேகரிப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. சீக்கோ ஒருநாளும் செய்யாத நிறம், தடித்த எழுத்து, அடியில் இலக்கமே இல்லை: இதுதான் அடையாளம். கடைசியாக, நம்பிக்கையான ஒருவரிடம் மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் இயந்திரத்தைப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

"கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி மார்க்கமே சொல்கிறதே சேர்" என்று ஒரு சகோதரர் கேட்டார். நல்ல கேள்வி. சூறா அல்பகறாவின் 282ஆம் வசனம் தவணைக் கடனை எழுதச் சொல்கிறது. கைக்குக் கை நடக்கும் வியாபாரத்தை எழுதாவிட்டால் குற்றமில்லை என்றும், விற்கும்போது சாட்சி வைக்கும்படியும் அதே வசனம்தான் சொல்கிறது. எழுத விரும்பினால் தாராளமாக எழுதுங்கள். ஒரு தாளில் விற்பவர் பெயர், அடையாள அட்டை இலக்கம், மணிக்கூட்டின் தொடர் எண், திகதி, இரண்டு சாட்சிகளின் கையெழுத்து. களவுச் சாமான் பயத்துக்கு ஆயிரம் பெட்டியை விட இந்த ஒரு தாள் மேல்.

பத்திரமே தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. புதிய மணிக்கூடு வாங்கினால் கடை முத்திரையும் திகதியும் உள்ள உத்தரவாத அட்டையை விடவே வேண்டாம். பற்றுச்சீட்டும் கேளுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டப்படி வியாபாரியின் கடமை. பல இலட்சம் போகும் ரோலெக்ஸில் தொடர் எண் பொருந்தும் அட்டைக்குத் தனி மதிப்பு உண்டு, அதையும் மறுக்கவில்லை. ஆனால் அங்கேயும் வெறும் அட்டை போதாது. நடிகர் பால் நியூமனின் ரோலெக்ஸ் 2017இல் நியூயோர்க் ஏலத்தில் 1 கோடியே 77 இலட்சம் டொலருக்குப் போனது. பின்மூடியில் மனைவி பொறித்துக் கொடுத்த வாசகம், அவர் அதைக் கட்டியிருந்த படங்கள், யாரிடமிருந்து யார் கைக்குப் போனது என்ற வரலாறு: இவைதான் அதன் சாட்சி. ஹதீஸ் படித்தவர்களுக்கு இது புதிதில்லை. செய்தியைக் கேட்டால் அறிவிப்பாளர் வரிசையைக் கேட்பது நம் வழக்கம். மணிக்கூட்டுக்கும் அதைக் கேளுங்கள்: யார் வாங்கியது, எங்கே, யார் கட்டியது?

வியாபாரச் சகோதரர்களே, சாமானில் குறை இருந்தால் குறைக்குக் கழியுங்கள். கண்ணாடி கீறலா, ஓட்டம் பிந்துகிறதா, முகப்பு பூசியதா, சொல்லிக் கழியுங்கள். அது ஹலால். ஒன்றும் பார்க்காமல், ஒரு கடதாசிப் பெட்டியைச் சாட்டி விதவையின் காசில் பாதியைக் கழிப்பதற்கு வியாபாரம் என்று பெயர் வைக்காதீர்கள்.

மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள். யாரையும் பெயர் சொல்லி ஏச வேண்டாம். விற்கப் போகும் வீட்டில் ஒருவராவது இதை வாசிக்கட்டும், பகிர்ந்து விடுங்கள்.