யந்திரத்துக்குப் பயந்த எழுத்து

லைனோடைப் யந்திரத்தின் கீபோர்டைப் படத்தில் பார்க்கிற இந்தக் காலத்துக்காரர்கள் பெரும்பாலும் சிரித்துவிடுகிறார்கள். 90 கட்டைகள்! இடது பக்கம் கறுப்புக் கட்டைகளில் சின்ன எழுத்து, வலது பக்கம் வெள்ளைக் கட்டைகளில் பெரிய எழுத்து, நடுவே நீலத்தில் எண்களும் குறிகளும். முதல் வரிசையை மேலிருந்து கீழே படித்தால் ஈ, டி, ஏ, ஓ, ஐ, என். அடுத்த வரிசை எஸ், ஹெச், ஆர், டி, எல், யூ. "இதை எவனோ பைத்தியக்காரன் அல்லவா செய்திருக்கிறான்!" என்கிறார்கள்.

செய்தவர் பெயர் ஆட்மார் மெர்கென்தாலர். ஜெர்மனியில் கடிகார வேலை கற்று அமெரிக்காவுக்குப் போனவர். 1886 ஜூலையில் 'நியூயார்க் டிரிப்யூன்' பத்திரிகை அவருடைய யந்திரத்தை முதன்முதலில் வேலைக்கு வைத்தது. அந்தக் கீபோர்டில் பைத்தியம் எதுவும் இல்லை. கட்டைகளுக்கு மேலே சரிவாக ஒரு பெட்டி. அதில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு தடம். தடத்தில் அந்த எழுத்தின் பித்தளை அச்சுகள் வரிசையாகக் காத்திருக்கும். கட்டையை இலேசாகத் தொட்டால் போதும், ஓர் அச்சு நழுவி விழுந்து, ஓடும் பட்டையில் ஏறி, இடது பக்கத்தில் வரி சேருகிற இடத்துக்கு வந்துவிடும். ஆங்கிலத்தில் அடிக்கடி வேண்டியிருக்கும் எழுத்து அதிகத் தூரம் பிரயாணம் பண்ணக்கூடாது. ஆகவே அதற்கு இடது ஓரத்தில் இடம். வரி நிறைந்ததும் உருகிய ஈயம் பாய்ந்து முழு வரியும் ஒரே கட்டியாக வார்ந்துவிடும். அப்புறம் அந்தப் பித்தளை அச்சுகள் மேலே ஏறி, தலையில் வெட்டியிருக்கும் பற்களின் உதவியால் தத்தம் தடத்திலேயே வந்து விழும். சாயங்காலம் கோழிகள் கூண்டுக்குத் திரும்புவதுகூட இவ்வளவு ஒழுங்காக நடப்பதில்லை.

விரலுக்கு அது சுகமான அமைப்பு என்று நான் வாதாட வரவில்லை. பாரமெல்லாம் இடது கைக்குத்தான். வரியில் தப்பு நேர்ந்தால் அழிக்க வழி கிடையாது. வேலைக்காரர் முதல் இரண்டு வரிசையிலும் விரலை ஓட்டி வரியை நிரப்பி, ஈயக்கட்டி வந்ததும் எடுத்து எறிய வேண்டும். எறிய மறந்த நாட்களில், மந்திரியின் பிரசங்கத்துக்கு நடுவே 'எட்டாயின் ஷ்ர்ட்லூ' என்று அச்சாகிவிடும். அநேகப் பிரசங்கங்களில் வாசகர் அதைக் கவனித்திருக்கவே மாட்டார் என்பது வேறு விஷயம்.

என் சண்டை இதைப் பற்றி அல்ல. "யந்திரத்துக்கு இத்தனை எழுத்து தாங்காது, ஆகவே எழுத்தைக் குறை" என்று நமக்குப் பல காலமாக உபதேசம் நடந்து வந்திருக்கிறதே, அதைப் பற்றித்தான்.

ஆங்கிலத்துக்கு 26 எழுத்து போதும் என்கிறார்கள். போதுமானால் அந்த 90 கட்டை எதற்கு? ஒவ்வோர் எழுத்துக்கும் சின்னது ஒன்று, பெரியது ஒன்று என்று இரட்டை உருவம் வைத்துக்கொண்டிருக்கும் பாஷை அது. பெரிய எழுத்து இல்லாவிட்டால் யாருக்கும் அர்த்தம் கெட்டுவிடாது. 1874-ல் விற்பனைக்கு வந்த ரெமிங்டன் தட்டெழுத்து யந்திரம் பெரிய எழுத்தை மட்டும்தான் அடித்தது. அதைப் பார்த்து, "சரி, இனிமேல் சின்ன எழுத்தே வேண்டாம்" என்று ஆங்கிலேயரும் அமெரிக்கரும் மாநாடு கூட்டினார்களா? இல்லை. நாலே வருஷத்தில், 1878-ல், யந்திரத்துக்கு ஷிப்ட் கட்டை முளைத்தது. மெர்கென்தாலரோ அந்தச் சிக்கனம்கூடப் பார்க்காமல் பெரிய எழுத்துக்கும் தனித்தனிக் கட்டையே கொடுத்துவிட்டார். லான்ஸ்டனின் மோனோடைப்பில் சாய்வெழுத்துக்கும் தனிக் கட்டைகள். மொத்தம் இருநூறுக்கு மேலே போகும். பேஜ் என்பவர் ஒரே சமயத்தில் பல கட்டைகளை அழுத்தலாம் என்று ஒன்று செய்தார். சுமார் 18,000 உறுப்புகள் கொண்ட அந்த யந்திரத்தில் பணத்தைக் கொட்டித்தான் நாவலாசிரியர் மார்க் ட்வெயின் 1894-ல் திவாலானார். அத்தனை பேரும் யந்திரத்தோடுதான் மல்லுக்கட்டினார்கள். அகரவரிசையின் மேல் கை வைக்கவில்லை. ஜெர்மனியில் பௌஹவுஸ் கலைப்பள்ளிக்காரர்கள் மட்டும் 1925-ல் பெரிய எழுத்தை ஒழிக்கலாம் என்றார்கள். ஜெர்மானியர் இன்றைக்கும் பெயர்ச்சொல் ஒவ்வொன்றையும் பெரிய எழுத்தில்தான் தொடங்குகிறார்கள்.

நாம் என்ன செய்தோம்? ணை, லை, ளை, னை என்ற நான்குக்கும் முன்னால் ஒரு தும்பிக்கை இருந்தது. ணா, றா, னா மூன்றும் காலை வெளியே நீட்டாமல் தமக்குள்ளேயே சுருட்டி வைத்திருந்தன. பெரியார் 1935-ல் தம் பத்திரிகையில் இவற்றை மாற்றினார். 1978 அக்டோபரில் அரசாங்க உத்தரவும் வந்தது. குழந்தைகள் கற்கச் சுலபம் என்ற காரணத்தை நான் மறுக்கவில்லை. அது தன் பலத்திலேயே நிற்கக்கூடிய வாதம். அதோடு கூடவே சொல்லப்பட்ட அச்சு யந்திரச் சௌகரியந்தான் எனக்கு ஜீரணமாகவில்லை. ஏனென்றால் அதே 1978 ஜூலையில்தான் 'நியூயார்க் டைம்ஸ்' தன் லைனோடைப்புகளை நிறுத்தி, கம்ப்யூட்டர் அச்சுக்கோப்புக்கு மாறியது. ஈயத்தின் ஆட்சி உலகத்தில் அஸ்தமித்துக்கொண்டிருந்த வருஷத்தில், ஈயத்தின் சௌகரியம் இங்கே ஒரு காரணமாக நின்றது.

அந்தக் கடைசி இரவை டேவிட் லோப் வைஸ் படமாக எடுத்திருக்கிறார். யந்திரம் போனது மட்டுமல்ல, கையும் போயிற்று. வருஷக்கணக்காக எட்டாயின் ஷ்ர்ட்லூவில் ஓடிய விரல்கள் தட்டெழுத்துக்காரரின் வரிசையில் முதலிலிருந்து தடவ வேண்டியதாயிற்று. வென்றது மேலான வரிசை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்கே பார்த்தாலும் தட்டெழுத்துப் பழகியவர்கள் இருந்தார்கள்; அவ்வளவுதான். அந்த அச்சுத் தொழிலாளர்களுக்குச் சங்கம் இருந்தது. 1974-லேயே ஆயுள் முழுவதும் வேலை என்று ஒப்பந்தம் வாங்கியிருந்தார்கள். ணையின் தும்பிக்கைக்குச் சங்கம் கிடையாது.

1999-ல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 கீபோர்டில் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31 எழுத்துக்களுக்குத்தான் கட்டை. உயிரையும் மெய்யையும் தட்டினால் உயிர்மெய்யைக் கம்ப்யூட்டரே கூட்டிக்கொள்கிறது. பழைய தும்பிக்கையைப் போடச் சொன்னாலும் முகம் சுளிக்காமல் போடும். 1978-க்குப் பிறகும் சிலர் உகர, ஊகாரக் குறிகளையும் நேராக்கிவிடலாம் என்று யோசனை சொன்னார்கள். அவர்கள் காட்டிய காரணங்களிலும் யந்திரம் எட்டிப் பார்த்தது. கு, சு, மு, து எல்லாவற்றையும் மாற்றத்தான் வேண்டும் என்று இனி சொல்ல வருகிறவர்கள், எந்த யந்திரம் தன்னால் முடியாது என்று அவர்களிடம் வந்து அழுதது, அதன் பெயர் என்ன, அது எந்த ஊரில் இருக்கிறது என்று முதலில் தெரிவிக்கட்டும்.